எம்டன் கப்பல்ல அவர் இருந்தாரா?

எங்க வீட்ல யாராவது கில்லாடித்தனம் பண்ணா ஆயா ஒரே வார்த்தையில முடிச்சிடும், "சரியான எம்டன்டா இவன்". ராயபுரத்துல வளர்ந்த எங்களுக்கு எம்டன்னா திட்டா பாராட்டான்னு கடைசி வரைக்கும் தெரியாது, ஆயா மூஞ்சியப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். கதை மட்டும் மாறாது. ஆயாவோட அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ, அவங்க அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கிட்டிருந்தப்போ, ஆயுத பூஜை வரப்போற நேரத்துல, கும்மிருட்டுல எம்டன்ங்கற ஜெர்மன்காரன் போர்க்கப்பல் வந்து மெட்ராஸ் மேல குண்டு போட்டுச்சாம், மூணு நாள் மூணு ராத்திரி போட்டானாம், கிருஷ்ணாயில் டேங்கு பத்திக்கிட்டு வானமே செவந்து போச்சாம், இவங்க சட்டிபானையக் கட்டிக்கிட்டு திருவள்ளூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு நடந்தே போனாங்களாம்.

போன வருஷம் ஒரு வளைகாப்புல பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுட்டு உக்காந்திருந்தப்போ இந்தக் கதைய நான் பசங்களுக்குச் சொல்லிட்டிருந்தேன், பெரியப்பா நடுவுல புகுந்து "அந்தக் கப்பல்ல நம்மாளு இருந்தாரு தெரியுமா, வெள்ளைக்காரன எதிர்த்த புரட்சிக்காரர் செண்பகராமன் பிள்ளை, அவர்தான் எங்கெங்க குண்டு போடணும்னு வழி காட்டினாரு, ஜனங்க மேல படாம பாத்துக்கிட்டாரு"ன்னு ஒரு போடு போட்டாரு. நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினேன், ஏன்னா ஸ்கூல்ல ஒரு பேச்சுப் போட்டியில இதையேதான் நான் பேசி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன். அக்கா பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறா, போன்ல இருந்து தலையத் தூக்கி "சித்தி, அவர் கப்பல்ல இருந்தத யாரு பாத்தாங்க?"ன்னு கேட்டா.

யாரு பாத்தாங்க. நல்ல கேள்விதான். எனக்குப் பதில் தெரியல, பெரியப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு.

அன்னைக்கு ராத்திரியே கூகுள்ல தேடினேன். செண்பகராமன் எம்டன்ல வந்தாருன்னு சொல்ற பக்கம் நாப்பது அம்பது வந்துச்சு. படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது, எல்லாமே ஒரே வாக்கியம், கமா கூட மாறல, ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க, ஒண்ணுல அவர் இன்ஜினியர், இன்னொண்ணுல துணை கேப்டன், ஒரு வாட்ஸ்ஆப் பார்வர்டுல அவரேதான் கேப்டன். ஒரு இடத்துல கூட இது எந்தப் பேப்பர்ல, எந்த ஃபைல்ல இருக்குன்னு ஒரு வரி இல்ல.

எங்க ஏரியா நூலகத்துல வேலை பாக்குற ஒரு அம்மாகிட்ட புலம்பினேன். அவங்கதான் சொன்னாங்க, நீ தேடுறது 1914ல அச்சான பேப்பர், அது கூகுள்ல மேலாக வராது, அந்தந்த நாட்டு தேசிய நூலகங்க பழைய பத்திரிகைய ஸ்கேன் பண்ணி டேட்டாபேஸா வெச்சிருக்காங்க, நேரா அங்க போய் அந்தப் பெட்டிக்குள்ள தேடுன்னு. ஆஸ்திரேலியா தேசிய நூலகத்தோட ட்ரோவ், நியூசிலாந்தோட பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூரோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி, மூணு பேரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. மூணுமே வீட்டுல இருந்தே பாக்கலாம், காசு கிடையாது. மெட்ராஸ்ல குண்டு போட்டதுக்கு ஆஸ்திரேலியா பேப்பரான்னு கேட்டேன், "எம்டனை முடிச்சதே ஆஸ்திரேலியா கப்பல்தானேம்மா"ன்னாங்க. அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. 1914 நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகிட்ட சிட்னிங்கற போர்க்கப்பல் எம்டனை அடிச்சு பாறைத் திட்டுல ஒதுங்க வெச்சுது, அவங்க ஊர்ல அது பெரிய பெருமை, அதனால எம்டனைப் பத்தி ஒரு வரி தந்தி வந்தாலும் அங்க பேப்பர்ல போட்டிருக்காங்க.

முதல் நாள் ட்ரோவ்ல நான் தேடினது என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. முதல் உலகப் போர், சென்னை, எம்டன் அப்படின்னு இங்கிலீஷ்ல போட்டேன். ஒண்ணும் உருப்படியா வரல. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது, 1914ல உக்காந்து பேப்பர் அச்சடிச்சவனுக்கு ரெண்டாவது உலகப் போர் வரப்போகுதுன்னு எப்படித் தெரியும், அவன் எப்படி இத முதல் உலகப் போர்னு எழுதுவான்? அவனுக்கு அது ஐரோப்பியப் போர், மகா யுத்தம், சும்மா போர். சென்னை மெட்ராஸ். பர்மா ஆயில் கம்பெனியோட டேங்குதான் எரிஞ்சுது, ஆனா அந்தக் கம்பெனி தன் பேருல பர்மாவுக்குக் கடைசியில ஒரு எச் சேர்த்து எழுதும், அந்த எச் இல்லாமத் தேடினா பாதி போச்சு. கெரசினுக்கு ரெண்டு ஸ்பெல்லிங் புழக்கத்துல இருந்திருக்கு. இதுல நம்ம ஊர்ப் பேருங்க வேற. தூத்துக்குடிய டூட்டிகோரின்னு போடணும், திருநெல்வேலிய டின்னவெல்லி, காஞ்சிபுரத்த கான்ஜீவரம், காக்கிநாடாவ கோகனாடா. தாத்தா காலத்து லெட்டர்ல அட்ரஸ் படிச்ச பழக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஈஸி, கூகுள் மேப்ல வளர்ந்தவங்களுக்குக் கஷ்டம்தான்.

அதுக்கு மேல ஓசிஆர்னு ஒரு தலைவலி. ஸ்கேன் பண்ண படத்த மெஷின் படிச்சு எழுத்தா மாத்துதுல்ல, நாம தேடுறது அந்த மெஷின் எழுத்துலதான், படத்துல இல்ல. நூறு வருஷத்துப் பேப்பர்ல மை கசிஞ்சிருக்கும், மடிப்பு இருக்கும், சின்ன எம் எழுத்த அது ஐயும் என்னும் சேர்ந்த மாதிரிப் படிக்கும். ஆக எம்டன் அங்க எய்ன்டன் ஆகிக் கிடக்கும். கப்பல் பேரப் போட்டுக் கிடைக்காதது "ஜெர்மன் க்ரூசர்"னு போட்டாக் கிடைக்கும், அதுவும் இல்லைன்னா தேதிய மட்டும் வெச்சு அந்த வாரத்துப் பேப்பரப் பக்கம் பக்கமாப் புரட்டணும். ட்ரோவ்ல ஒரு வசதி உண்டு, மெஷின் தப்பாப் படிச்ச வரிய யாரு வேணா திருத்தலாம், உலகம் பூரா ஜனங்க சும்மா உக்காந்து திருத்திட்டிருக்காங்க. நானும் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாம்பார் அடுப்புல இருக்க ஒரு பத்தியத் திருத்தினேன். சாம்பார் தீஞ்சது.

சரி, என்ன கிடைச்சுது? முதல்ல அடிப்படை விஷயம். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல. கேப்டன் பேரு கார்ல் ஃபோன் முல்லர். கரைக்குக் கிட்ட வந்து லைட்டைப் போட்டுப் பார்த்து டேங்க் மேல சுட்டிருக்காங்க, நூத்தி இருவத்தஞ்சோ நூத்தி முப்பதோ குண்டு. எவ்வளவு நேரம் தெரியுமா? கிட்டத்தட்ட பத்து நிமிஷம், மிஞ்சிப் போனா அரை மணி. ஆயாவோட மூணு நாள் மூணு ராத்திரி எங்க, பத்து நிமிஷம் எங்க!

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணேன். ட்ரோவ்ல இந்த குண்டு வீச்சுச் செய்தி வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு, சிட்னி பேப்பர், மெல்போர்ன் பேப்பர், பேரே கேள்விப்படாத ஆட்டுப் பண்ணை ஊரு பேப்பரெல்லாம், நியூசிலாந்துலயும் அதே, சிங்கப்பூர்லயும் அதே. அடேங்கப்பா எத்தனை சாட்சின்னு ஒரு எக்செல் ஷீட் போட்டு ஒவ்வொண்ணா ஏத்தினேன். முப்பது வரிசை தாண்டினப்புறம் திரும்பப் படிச்சா முக்காவாசி ஒரே வாசகம். ஒரு தந்தி. மெட்ராஸ்ல இருந்து லண்டன் போய், அங்க சென்சார் கத்தரி போட்டு, ராய்ட்டர் மாதிரி ஏஜென்சி வழியா உலகம் பூரா போன ஒரே தந்திய ஆளாளுக்கு அச்சடிச்சிருக்காங்க, சிலர் நாலு வரி, சிலர் பத்து வரி, தலைப்பு மட்டும் வேற. முப்பது பேர் பார்த்ததா நான் நெனச்சது முப்பது பேர் கேட்டது கூட இல்ல, ஒருத்தர் சொன்னத முப்பது பேர் ஒப்பிச்சது. அப்போ நான் பெரியப்பாவோட வாட்ஸ்ஆப் குரூப்பக் கிண்டல் பண்ணது எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? 1914லயும் பார்வர்டுதான்!

அதுக்கப்புறம் எக்செல்ல ஒரு நெட்டுவரிசை புதுசாப் போட்டேன், "இதச் சொன்னது யாரு, எங்க இருந்து, எந்தத் தேதி". செய்தி தலையில சின்னதா ஊர் பேரும் தேதியும் இருக்கும், முன்னாடி நான் அதக் கண்டுக்கிட்டதே இல்ல, இப்போ முதல்ல அதத்தான் பாக்குறேன். முப்பது வரிசை நாலஞ்சு ஆச்சு. ஆனா அந்த நாலஞ்சும் தங்கம்.

சிங்கப்பூர் பேப்பர்ல போய் மாட்டினது தனிக் கதை. மெட்ராஸ் முடிஞ்சு எம்டன் அக்டோபர் 28ஆம் தேதி பினாங்குக்குப் போய் செம்சுக்குங்கற ரஷ்யக் கப்பலையும் மூஸ்கேங்கற பிரெஞ்சு கப்பலையும் முழுக வெச்சுது. அதுக்குப் போறப்போ நாலாவதா ஒரு டூப்ளிகேட் புகைபோக்கிய மாட்டிக்கிட்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டுப் போச்சு, மூணு புகைபோக்கிதான் அதுக்கு நெஜத்துல. அதுல இருந்து ஒரு லிங்க், அப்படியே எம்டன் கூட்டத்துல பிடிபட்ட ஜெர்மன்காரங்கள சிங்கப்பூர் டாங்லின் முகாம்ல அடைச்சு வெச்சது, 1915 பிப்ரவரியில அங்க இந்தியச் சிப்பாய்ங்க கலகம் பண்ணதுன்னு இழுத்துக்கிட்டே போய் மணி பார்த்தா ராத்திரி ரெண்டு. டேட்டாபேஸ்ல இது ஒரு வியாதி. தேடினது ஒண்ணு, படிச்சது ஒம்போது. இப்பல்லாம் ஒரு நோட்டுல இன்னைக்கு எதுக்கு வந்தேன்னு முதல் வரியா எழுதி வெச்சுட்டுத்தான் லாப்டாப்பத் திறக்குறேன்.

காசு கேக்குற டேட்டாபேஸும் இருக்கு. டைம்ஸ் ஆஃப் இந்தியா பழைய இதழெல்லாம் ப்ரோகொஸ்ட்ல 1838ல இருந்து இருக்கு, பல்கலைக்கழக நூலகத்துல வாங்கி வெச்சிருப்பாங்க, அங்க உள்ள போய் உக்காந்து பாத்தா நமக்குச் செலவில்ல. நான் ஒரு இடத்துல பார்வையாளரா அனுமதி வாங்கி ரெண்டு சனிக்கிழமை போனேன். இன்னொரு வெளிநாட்டு சைட்ல ஒரு மாசத்துக்குன்னு கார்டு நம்பர் போட்டுட்டு நிறுத்த மறந்துட்டேன், மூணு மாசம் காசு போச்சு, வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல, இதப் படிச்சாத் தெரிஞ்சுக்கட்டும். அதனால சொல்றேன், காசு கட்டுறதுக்கு முன்னாடி இலவசமா இருக்கிறத எல்லாம் ஒரு தடவை துழாவிடுங்க, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல கிடக்குறதே ஒரு ஆயுசுக்குப் போதும்.

ஆயா கதைக்குத் திரும்புறேன். மூணு நாள்ங்கறது இல்லன்னு ஆச்சு. அப்போ மத்ததெல்லாம்? கும்மிருட்டு, ஆயுத பூஜை நேரம்னு ஆயா சொன்னதச் சோதிக்க முடியுமான்னு யோசிச்சேன். பேப்பர்ல யாரும் நிலா இருந்துச்சான்னு எழுதல. ஆனா 1914 ஆகஸ்ட் 21 ஒரு பேர்போன சூரிய கிரகணம், ஐன்ஸ்டீன் சொன்னது சரியான்னு பாக்க ஜெர்மன் விஞ்ஞானிங்க ரஷ்யாவுக்குப் போய் போர் வந்ததால கைதான கிரகணம். கிரகணம்னா அன்னைக்கு அமாவாசை. அதுல இருந்து இருவத்தொம்போதரை நாள் கூட்டினா அடுத்த அமாவாசை செப்டம்பர் 19, 20 வாக்குல வருது, புரட்டாசி மாசம், அப்போ அது மகாளய அமாவாசை! அதுக்கு மறுநாள்ல இருந்து நவராத்திரி. ஆக 22ஆம் தேதி நவராத்திரி தொடங்கி மூணாம் நாள், ஒரு வாரத்துல ஆயுத பூஜை. மூணாம் பிறைங்கறது சூரியன் விழுந்து கொஞ்ச நேரத்துல தானும் விழுந்துடும், ஒன்பதரை மணிக்கு வானத்துல நிலாவே இல்ல. கும்மிருட்டு கரெக்ட். ஆயுத பூஜை கரெக்ட். கிருஷ்ணாயில் டேங்க் கரெக்ட். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொம்பளை தன் பொண்ணுக்குச் சொல்லி, அது பேரப் பிள்ளைங்களுக்குச் சொல்லி, நூறு வருஷம் கழிச்சும் அந்த இருட்டு மட்டும் மாறாம வந்திருக்கு. அன்னைக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, உண்மையா. மூணு நாளுங்கறது கூட குண்டு விழுந்த நேரமா இருக்காது, மறுபடி வருவான்னு பயந்து ஊரக் காலி பண்ணி நடந்த நேரமா இருக்கலாம், அது என் ஊகம், எக்செல்ல ஊகம்னே எழுதி வெச்சிருக்கேன்.

இப்போ செண்பகராமன். இதுக்கு நான் ரெண்டு பக்கமாப் போனேன், கப்பல் பக்கம் ஒண்ணு, அவர் பக்கம் ஒண்ணு.

கப்பல் பக்கம் கஷ்டமே இல்ல. எம்டன்ல முதல் அதிகாரியா இருந்த ஹெல்முத் ஃபோன் முக்கே உயிரோட தப்பிச்சு ஊர் போய்ச் சேர்ந்து 1915லயே புத்தகம் எழுதிட்டாரு, இங்கிலீஷ்ல அது 1917ல வந்துச்சு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசம். மெட்ராஸ் ராத்திரி அவர் கப்பல்லயே இருந்தவரு. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் சுவாரசியமா எழுதுறாரு, கப்பல்ல சோப்பு தீர்ந்து போய் தவிச்சப்போ இவங்க மடக்கின இண்டஸ் கப்பல் நிறைய சோப்பு கிடைச்சதையெல்லாம் விட்டு வைக்கல. சோப்புக்கு இடம் இருக்கிற புத்தகத்துல ஒரு இந்தியப் புரட்சிக்காரருக்கு இடம் இல்லாமப் போகுமா? எம்டன்ல துணி துவைக்க வந்த சீனக்காரங்க மூணு பேர் இருந்தது கூட பதிவாகியிருக்கு, கோகோஸ் சண்டையில அவங்களும் செத்துப் போனாங்க. துணி துவைச்சவங்க வரைக்கும் கணக்குல இருக்காங்க, செண்பகராமன் இல்ல.

கப்பல் போன வழியையும் பாருங்க. எம்டன் 1914 ஜூலை 31ஆம் தேதி சீனாவுல இருக்கிற சிங்தாவ் துறைமுகத்த விட்டுக் கிளம்பிடுச்சு, அங்க அப்போ ஜெர்மன்காரன் ஆட்சி. பசிபிக் வழியா வந்து வங்காள விரிகுடாவுக்குள்ள நுழைஞ்சுது, ஐரோப்பா பக்கமே போகல. அப்போ ஐரோப்பாவுல இருந்த ஒருத்தர் இதுல ஏறணும்னா எங்க ஏறுவாரு?

ஆனா இல்லாதத வெச்சு இல்லன்னு சொல்றது பாதி பதில்தான். முக்கே மறைச்சிருக்கலாம், ரகசியமா வெச்சிருக்கலாம்னு பெரியப்பா கேப்பாரு, கேக்கணும். அதனால எனக்கு வேண்டியது செப்டம்பர் 1914ல செண்பகராமன் வேற எங்கயாவது இருந்தாருங்கறதுக்கு ஒரு காகிதம்.

அந்தக் காகிதம் எனக்குக் கிடைக்க ஒண்ணரை மாசம் ஆச்சு, ஒளிஞ்சு கிடந்தது கூட இல்ல, கண்ணெதிர்ல கிடந்துச்சு. பிரச்சனை அவர் பேரு. செண்பகராமன்னு நாம ஒண்ணா எழுதுறத இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதலாமோ அத்தனை விதமாவும் எழுதியிருக்கான், செம்பகராமன், சம்பகராமன், பிள்ளை ஒரு இடத்துல ஐ, ஒரு இடத்துல ஒய். அதுலயும் நீளமான பேரா, அச்சுல வரி முடியுற இடத்துல பாதியில ஒடிச்சு கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டு போயிருந்தா மெஷினுக்கு அது ஒரே பேருன்னே தெரியாது. ஒரு நாள் வெறுத்துப் போய் பேரையே விட்டுட்டு, அவரோட சம்பந்தப்பட்ட ஊர், ஜூரிச்சுன்னு மட்டும் போட்டேன், 1918ல பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட செடிஷன் கமிட்டி ரிப்போர்ட்டுக்குள்ள. ரவுலட் சட்டம்னு படிச்சிருப்போமே, அந்த ரவுலட் தலைமையில போட்ட கமிட்டி. நேரா அந்தப் பத்தியில போய் நின்னுச்சு.

அதுல இருக்கிறது இதுதான். 1914 செப்டம்பர் மாசம், செண்பகராமன் பிள்ளைங்கற ஒரு தமிழ் இளைஞர், ஜூரிச்ல சர்வதேச இந்திய ஆதரவுக் கமிட்டிங்கற அமைப்போட தலைவர், பிரிட்டிஷுக்கு எதிரான எழுத்துகள ஜெர்மனியில வெளியிட அனுமதி கேட்டு ஜூரிச்ல இருந்த ஜெர்மன் கான்சல்கிட்ட, அதாவது தூதரக அதிகாரிகிட்ட, விண்ணப்பிச்சாரு. அக்டோபர்ல ஜூரிச்ச விட்டு பெர்லினுக்குப் போய் ஜெர்மன் வெளியுறவுத் துறையோட சேர்ந்து வேலை பாக்க ஆரம்பிச்சாரு. செப்டம்பர் 1914! எங்க பூட்டி சட்டிபானையோட நடந்துக்கிட்டிருந்த அதே மாசம், அவரு ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தாண்ட சுவிட்சர்லாந்துல கையில மனுவோட.

நான் ஒரு அஞ்சு நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். சந்தோஷமான்னா சந்தோஷம் இல்ல. டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்துச்சு.

ஒரு விஷயம் எனக்குப் பட்டத சொல்லிடுறேன். இந்தக் கப்பல் கதையால நாம அவரோட நெஜக் கதைய மறந்துட்டோம்னு எனக்கு வருத்தம். திருவனந்தபுரத்துல 1891ல பொறந்த பையன், பதினாறு பதினேழு வயசுல ஊர விட்டுக் கிளம்பி, இருவத்திரண்டு வயசுல ஜூரிச்ல உக்காந்து ஒரு கமிட்டி ஆரம்பிச்சு, பெர்லின் இந்தியக் குழுவுல சேர்ந்து பேப்பரும் பிரச்சாரமுமா ஒரு சாம்ராஜ்யத்துக்கு எதிரா நின்னு, ஊர் திரும்பாம 1934ல பெர்லின்லயே செத்துப் போனாரு. இதுல குண்டு இல்ல, பீரங்கி இல்ல, அதனால பேச்சுப் போட்டிக்கு ஆகாது போல. இது மாதிரி ஒட்ட வெச்ச கதை அந்தக் கப்பலுக்கு வேற இடத்துலயும் உண்டு, இலங்கையில யால காட்டுக்குக் காவலரா இருந்த ஏங்கெல்பிரெக்ட்டுங்கற தென்னாப்பிரிக்கா போயர்காரர் எம்டனுக்கு மாட்டுக்கறி சப்ளை பண்ணாருன்னு புரளி கிளம்பி பாவம் அவர ஜெயில்லயே போட்டாங்க. கண்ணுல படாம வந்து அடிச்சுட்டுப் போற கப்பல்னா உள்ளூர்ல எவனோ கூட்டு இருக்கான்னுதான் எல்லா ஊர்லயும் தோணியிருக்கு, அங்க அது பழி, இங்க அது பெருமை.

அடுத்த விசேஷத்துல, அது ஒரு காது குத்து, ரிப்போர்ட்டோட அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்துட்டுப் போய் பெரியப்பாகிட்ட நீட்டினேன். கண்ணாடிய மாட்டி முழுசாப் படிச்சாரு, ரெண்டு தடவை. அப்புறம் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. "இத எழுதினவன் யாரு? வெள்ளைக்காரன். நாலு வருஷம் கழிச்சு போலீஸ் ஃபைல வெச்சு எழுதினது. இதுக்கு மட்டும் யாரு பாத்தாங்கன்னு கேக்க மாட்டியா?"

கேட்டது நியாயம். நான் சும்மா விடல, இந்தக் கமிட்டி வேலையே யாரு யாரு பிரிட்டிஷுக்கு எதிரா என்னென்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடாமப் பட்டியல் போடுறது, எம்டன்ல ஒரு இந்தியர் இருந்திருந்தா அத விட்டிருப்பானா, அதையே பெரிய எழுத்துல போட்டுச் சட்டத்த இன்னும் கடுமையாக்கியிருப்பான், கமிட்டியில இருந்த அஞ்சு பேர்ல ஒருத்தரு குமாரசாமி சாஸ்திரி, மெட்ராஸ் ஹைகோர்ட் ஜட்ஜு, எம்டன் குண்டு விழுந்த அந்தக் காம்பவுண்டுலயே உக்காந்து தீர்ப்புச் சொன்னவரு, மெட்ராஸ் விஷயம் அவருக்குத் தெரியாமயா இருக்கும்னு அடுக்கினேன். பெரியப்பா "அதெல்லாம் நீ வாதாடுற, காகிதம் காட்டல"ன்னாரு. அக்கா பொண்ணு அவர் பக்கம் போயிட்டா. "தாத்தா சொல்றது கரெக்ட் சித்தி, கான்சல்கிட்ட மனு கொடுத்தாருன்னா அந்த மனு எங்க?"

அந்த மனு ஜெர்மன்காரன்கிட்ட கொடுத்தது, அப்போ இருந்தா பெர்லின்ல ஜெர்மன் வெளியுறவுத் துறையோட ஆவணக் காப்பகத்துலதான் இருக்கணும். எல்லா ஃபைலும் ஆன்லைன்ல வந்துடல, பலதுக்குக் கேட்டலாக்ல தலைப்புதான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு போய்த்தான் பாக்கணும் இல்ல காசு கட்டி நகல் கேக்கணும். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஒரு மெயில் எழுதி, மெஷின்ல மொழிபெயர்த்து, ஜெர்மன் தெரிஞ்ச ஆபீஸ் நண்பர்கிட்ட காட்டி, அவர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டுத் திருத்திக் கொடுத்து, போன வாரம்தான் அனுப்பியிருக்கேன்.

இங்க உள்ளூர்ல ஒரு வேலை பாக்கி. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கே, அங்க அந்தக் காலத்து மெட்ராஸ் சர்க்கார் அரசாணைங்க துறைவாரியா, வருஷவாரியா கட்டு கட்டா இருக்கு. ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்டெக்ஸ் உண்டு, அதுல தலைப்பப் பார்த்து, அரசாணை எண், தேதி, துறை மூணையும் சீட்டுல எழுதிக் கொடுத்தா கட்டு எடுத்துட்டு வந்து தருவாங்க. அப்புறம் உள்ளூர் பாஷைப் பத்திரிகைங்க என்ன எழுதுதுன்னு சர்க்காரே வாராவாரம் ஆள் வெச்சு மொழிபெயர்த்து ரகசியமா அச்சடிச்ச ரிப்போர்ட்டுங்க இருக்கு, பழைய தமிழ்ப் பேப்பர் பல தொலைஞ்சு போனாலும் அதோட சுருக்கம் அதுல மிஞ்சியிருக்கும், வேவு பார்த்தவன் நமக்குப் பண்ண உபகாரம். 1914 செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம், இந்த ரெண்டு வாரத்த நான் பாக்கணும். கப்பலுக்காக இல்ல. மெட்ராஸ விட்டுக் கிளம்பினவங்கள, ரயில் ஏற காசில்லாம ரோட்டுல நடந்தவங்கள யாராவது ஒரு வரி எழுதினானான்னு பாக்குறதுக்கு.

லீவு சொல்லிட்டேன், வர்ற புதன்கிழமை. அக்கா பொண்ணுக்கும் பரிட்சை முடிஞ்சிடுச்சு, கூட வர்றேன்னு நிக்கிறா. பென்சில் எடுத்துட்டு வாடி, உள்ள பேனாவ விட மாட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். பெரியப்பாவும் நேத்து போன் பண்ணாரு, எழும்பூர் ஸ்டேஷன்ல எத்தனை மணிக்கு நிக்கணும்னு கேக்குறாரு.